இடைவெளியில் ஒருத்தி

"சார், உங்க பக்கத்துல ஒரு பொம்பள பேசிக்கிட்டே இருக்காங்க. கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்க."

காலையிலிருந்து ஃபோனில் இப்படிக் குறைப்பட்டுக்கொண்ட மூன்றாவது ஆள் இவர். தந்தி இடப்பக்கம் பார்த்தான். சுவர். வலப்பக்கமும் சுவர்தான். மூலை இருக்கையில் அவன் மட்டுமே இருந்தான்.

வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் ஃபோன் எடுப்பது அவன் வேலை. இங்கிலீஷை வார்த்தை வார்த்தையாக நிறுத்தி, தந்தி அடிப்பதுபோலப் பேசுவான். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். ஆறு மாதத் தற்காலிக வேலை. வெள்ளிக்கிழமை ஃபோனிலேயே பேச்சுத் தேர்வு. தேறினால் நிரந்தரம், இல்லையென்றால் மாமனாரின் ஆணிக் கடை. "மாப்ளே, அந்த மூணு இஞ்ச் ஆணிய எடுங்க" என்று அவர் நாள் முழுக்க ஏவிக்கொண்டிருப்பார்.

சூப்பர்வைசர் அம்மாளிடம் போய் விஷயத்தைச் சொன்னான்.

"வார்த்தைக்கு வார்த்தை இவ்ளோ இடைவெளி விட்டா யார் வேணாலும் உள்ள வந்து உக்காருவாங்க," என்றார் அவர். "ஒட்டிப் பேசுங்க. டர்ன், இட், ஆஃப்னு தனித்தனியா சொல்லாதீங்க. டர்னிட்டாஃப். ஒரே மூச்சு."

"தமிழ்ல அப்படித்தானே மேடம் பேசறோம்?"

"அப்ப இதுல மட்டும் ஏன் கல்லு பொறுக்கறீங்க?"

ஒட்டிப் பழகினான். டர்னிட்டாஃப். பிளகிட்டின். குளித்தபடியே, பல் தேய்த்தபடியே. இரண்டே நாளில் வார்த்தைகளுக்கு நடுவே ஊசி நுழையக்கூட இடமில்லை.

புதன்கிழமை ஒரு கிழவர் கேட்டார்: "நீங்க சொன்னது புரிஞ்சுது. முடிச்சப்புறம் அந்தம்மா சொன்னாங்களே, அதத் திரும்பச் சொல்லச் சொல்லுங்க. அவங்க இங்கிலீஷ் நல்லாருக்கு."

தந்திக்குச் சிலிர்த்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

சரி, வாக்கிய முடிவில்தானே நுழைகிறாள்? அங்கேயும் நிறுத்தாமல் பேசத் தொடங்கினான். ஒரு வாக்கியத்தின் வாலைப் பிடித்து அடுத்ததன் தலையில் கட்டினான். அந்த வியாதி வீட்டுக்கும் வந்தது.

"துண்டெங்கசோப்பெங்கதண்ணிகாஞ்சுதா?"

"மூச்சு விடுங்க, செத்துத் தொலையப் போறீங்க," என்றாள் மனைவி.

மூச்சு விட்டான். அவள் உள்ளே போனவள் திரும்பி வந்து, "கேட்டதையே ஏன் மறுபடி கேக்கறீங்க? சளியா? குரல் பொம்பளக் குரலா ஆயிடுச்சு," என்றாள்.

அவன் மறுபடி எதுவும் கேட்டிருக்கவில்லை. அதைச் சொன்னால் அவள் பயப்படுவாள் என்று துண்டைத் தானே தேடப் போனான்.

வெள்ளிக்கிழமை. தலைமை அலுவலகத்திலிருந்து தேர்வாளர் அழைத்தார். தண்ணீர் கொட்டும் மெஷினைப் பற்றி நிறுத்தாமல் பத்து நிமிடம் விளக்க வேண்டும்.

தந்தி வெளுத்துக் கட்டினான். குழாய், வடிகட்டி, மூடி, எல்லாம் ஒரே நூலில் கோத்தது மாதிரி வந்தன. நான்காவது நிமிடம் நெஞ்சு அடைத்தது. வேறு வழியில்லாமல் வாயை மூடி மூச்சு இழுத்தான்.

வாய் மூடியிருந்தது. பேச்சு நிற்கவில்லை.

ஹெட்ஃபோனில் அந்த வாக்கியம் அவன் விட்ட இடத்திலிருந்து, ஒரு சிக்கல் சிடுக்கு இல்லாமல், மெல்லிய குரலில் போய்க்கொண்டே இருந்தது. அவனுக்குத் தெரியாத உதிரிபாகங்களின் பெயர்களைக்கூட அவள் சொன்னாள். என் தேர்வு, என் வேலை என்று மனசு அடித்துக்கொண்டது. மூக்கை நுழைக்க ஒரு சந்து கிடைக்குமா என்று பார்த்தான். அவள் விட்டால்தானே?

கடைசியில் பொறுக்க முடியாமல் பழைய பாணியிலேயே குறுக்கே விழுந்தான்.

"டர்ன். இட். ஆஃப்."

அவள் நிறுத்தவில்லை. இவனும் விடவில்லை. "பிளக். இட். இன்." பத்தாவது நிமிடம் மணி அடிக்கும்வரை இருவரும் மல்லுக்கட்டினார்கள்.

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். தந்தி நெற்றியைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"பிரமாதம். உங்க வேலை நிரந்தரம், மேடம்," என்றார் தேர்வாளர். "நடுவுல ஒருத்தர் வார்த்த வார்த்தையா பிச்சுப் போட்டுக்கிட்டு இருந்தாரே, அவர மட்டும் திங்கக்கிழமையிலேருந்து வர வேண்டாம்னு சொல்லிடுங்க."