இறங்கத் தெரியாத அர்ஜுனன்

"மரம் வேணாம் சார், மொட்டை மாடி வெச்சிக்கலாம்" என்றார் திருப்பதி டைரக்டர் ரமணா.

தேவேந்திரனுக்கு டீ புரையேறியது.

அவர் எழுதிய நாவலே அந்த மரந்தான். பாரதக் கூத்தில் அர்ஜுனன் வேஷக்காரன் தவம் செய்ய நட்ட உயரமான தபசு மரத்தில் ஏறி, எலுமிச்சம்பழம் வீசிவிட்டு, இறங்கப் பயந்து உச்சியிலேயே உட்கார்ந்துவிடுகிறான். பாட்டெல்லாம் தீர்ந்து, பாடியதையே மறுபடி பாடுகிறார்கள்.

சித்தூரில் அதை நாடகமாகப் போட்டவர்கள் மரத்துக்குப் பதில் ஏணி வைத்தார்கள். இவர் ஏணி கூடாதென்று சண்டை போட்டதும் நாற்காலி வைத்தார்கள். நாற்காலியிலிருந்து இறங்க மறுத்த அர்ஜுனனுக்கு மூட்டுவலி என்று நினைத்துக்கொண்டது ஜனம். சினிமாவிலாவது மரம் நிற்கட்டுமென்று மனைவி சிவசங்கரியோடு சந்திரகிரிக் கோட்டைப் படப்பிடிப்புக்குப் பஸ் ஏறி வந்திருந்தார், பாவம்.

"மாடிக்குப் படி இருக்குதேய்யா! எறங்கிக்கினு வந்துடுவானே!"

"அப்ப மரமே. கிராஃபிக்ஸ்ல."

"கிராஃபிக்ஸ் மரத்துல எவனுக்குப் பயம் வரும்?"

"பயத்தையே எடுத்துடலாம் லெண்டி, விடுங்க சார். நட்ட மரம் அங்க நிக்குது, ஏறத்தான் ஒருத்தனும் வரமாட்டேங்கறான்."

தேவேந்திரன் மனைவியைப் பார்த்தார். அவள் முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நீயாவது கேளு!"

"அவரு சொல்றதும் நல்லாத்தான் கீது."

அவ்வளவுதான். மனிதருக்கு ரத்தம் கொதித்தது.

"ஏறறதுல இன்னாய்யா கீது? கொண்டா அந்த வேஷத்த! நான் காட்டறேன்!"

வேஷச் சட்டை அவருக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. கோபத்தில் அதை யார் கவனித்தார்கள்? மரத்தில் அடித்திருந்த ஆப்புகளைப் பிடித்து விறுவிறுவென்று ஏறினார். கீழே நடிக்க வந்த பெண்கள் முந்தானை ஏந்தினார்கள். பழங்களை வீசினார். வீசிய பழம் எங்கே விழுகிறதென்று குனிந்து பார்த்ததுதான் தப்பு.

கோட்டை தீப்பெட்டியாகத் தெரிந்தது. மரத்தைக் கட்டிக்கொண்டார்.

"ஏணி கொண்டாங்கய்யா!"

"ஏணி கூடாதுன்னு சண்டை போட்டது நீங்கதான சார்?" என்றார் ரமணா.

"கிராஃபிக்ஸாவது பண்ணித் தொலைங்க! அடியே சங்கரி!"

பாட்டுக்காரர்கள் முதல் பாட்டை மறுபடி ஆரம்பித்தார்கள். ரமணா கேமராக்காரரிடம், "நிறுத்தாதே" என்று கிசுகிசுத்தார்.

டீ விற்கும் பொன்னியம்மா, சிவசங்கரியின் கையில் கிளாஸைக் கொடுத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

"கதைய மாத்தறோம்னு சொன்னாப் போதும், மனுசன் தானா ஏறிக்குவாருன்னு சொல்லி டைரக்டராண்ட நீ அளவுச் சட்டை கொடுத்தப்ப, நான் நம்பவேயில்லம்மா!"