ஹங்கேரிக் காசும் மாமன் கைப் பல்பொடியும்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் தாய்மாமன் ஆசியுடன் எழுதுவது. இங்கு நான் சுகம். உன் அத்தையின் தொண்டை அதைவிடச் சுகம். பயிற்சிக்குப் போன இடத்தில் நீ நேரத்துக்குச் சாப்பிடவும்.

பன்னிரண்டு வருஷமாகச் சேர்த்து, கிளம்பும்போது என்னிடம் விட்டுப்போன உன் ஹங்கேரி வெள்ளிக்காசுகள் நாற்பத்திமூன்றும் பத்திரம். காசு சேர்ப்போர் சங்கக் கண்காட்சியில் முதல் தடவையாக உனக்கும் ஒரு மேஜை கொடுத்திருக்கிறார்கள், "பெட்டியை அப்படியே சங்கத்துல குடுத்துடுங்க மாமா, கை மட்டும் வெச்சிடாதீங்க" என்று நீ போனில் கெஞ்சியதும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் திறந்து பார்த்ததும் எனக்கு மானம் போய்விட்டது. எண்ணூறு வருஷத்துக் காசாம். விரல் நகம் அளவுதான், தும்மினால் பறந்துவிடும், அதிலும் அடிப்பிடித்த பாத்திரம் மாதிரிக் கறுப்பு. அந்த ராஜா பாவம், வெள்ளிக்கு வழியில்லாமல் மெலிசாகத் தட்டி ஒப்பேற்றியிருக்கிறான், அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது, அழுக்குக்கு மாமன் இருக்கிறேனே. சரித்திரத்தில் எட்டாம் வகுப்புவரை என்னை மிஞ்ச ஆளில்லை. அதற்குப் பிறகு நான் வகுப்பிலேயே இல்லை. பல்பொடியும் பழைய பிரஷுமாகக் குழாயடியில் உட்கார்ந்து அத்தனையையும் தேய்த்துவிட்டேன். ஒன்றில் ஒரு தாயும் கைக்குழந்தையும் தெரிந்தார்கள். இன்னும் தெளியட்டும் என்று தேய்த்ததில் குழந்தை போய்விட்டது. தாய் மட்டும் கை ஓய்ந்து நிம்மதியாக நிற்கிறாள்.

சங்கத் தலைவர் லென்ஸை வைத்துப் பார்த்தார்.

"யாருங்க இதைத் தேய்ச்சது?"

"நான்தாங்க."

மனுஷன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், அவ்வளவு ஆனந்தம். "எண்ணூறு வருஷமா யாரும் துணியாததைச் செஞ்சிட்டீங்க" என்றார். கூட்டமே என்னைச் சூழ்ந்துகொண்டது, ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதல் பரிசு உனக்குத்தான், சங்கத்தில் எனக்கும் ஒரு பதவி என்று பேச்சு.

நீ சேர்ப்பதெல்லாம் பெருகட்டும், கோபம் மட்டும் குறையட்டும்.

உன் அருமை மாமன்.

பின்குறிப்பு: கடிதத்தை உன் அத்தை படித்துவிட்டாள். "புள்ள இதைப் படிச்சா அங்கேயே மயங்கி விழுந்துடுவான், உண்மையை எழுதுங்க" என்று தலைக்குமேல் நிற்கிறாள். கண்காட்சி வரும் ஞாயிற்றுக்கிழமைதான். சங்கத்துப் பக்கமே நான் இன்னும் போகவில்லை. தேய்த்தது நாற்பத்திமூன்று இல்லை, ஒன்றே ஒன்றுதான். இரண்டாவதை எடுப்பதற்குள் அத்தை பிரஷைப் பிடுங்கிக்கொண்டு பெட்டியைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். மற்ற நாற்பத்திரண்டும் நீ விட்டுப்போன அதே கறுப்பில் இருக்கின்றன, கவலைப்படாதே. அடித்தட்டில் ஒன்றை மட்டும் பஞ்சில் சுற்றித் தனியாக வைத்திருந்தாய் பார், உனக்கு அதுதான் உயிர் போலிருக்கிறது என்று முதலில் அதிலிருந்து ஆரம்பித்திருந்தேன்.