சும்மாட்டு அண்ணனும் நூற்றுப் பதினெட்டுப் படியும்

பாடசாலைப் பிள்ளைகள் எழுதும் கொப்பிகளை அச்சடிக்கும் எங்கள் கம்பெனி எவ்வளவு வளரலாம் என்பதை முடிவு செய்தது சும்மாட்டு அண்ணனின் முழங்கால்தான். முதலாளி உட்பட நாங்கள் எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள்.

கம்பெனி கண்டி டவுனுக்கு மேலே, மலைச்சரிவில் இருந்தது. லொறி கீழே வீதியோடு நின்றுவிடும். அங்கிருந்து நூற்றுப் பதினெட்டுப் படி. கடதாசிக் கட்டு ஏறுவதும் கொப்பிப் பெட்டி இறங்குவதும் அண்ணனின் தலையில்தான். சுமைக்காகத் தலையில் சுற்றிய சும்மாட்டை அவர் கல்யாண வீட்டிலும் கழற்றியதில்லை.

ஒருமுறை கொழும்பிலிருந்து ஒருவர் பெரிய அச்சு மெஷின் விற்க வந்தார். அண்ணன் படியடியில் அவரை மறித்து, அவர் தலையில் ஒரு கடதாசிக் கட்டை வைத்தார்.

"ஏறுங்க சேர். ஒங்க மெஷின் எப்புடி ஏறும்னு பார்ப்போம்."

அறுபதாவது படியில் உட்கார்ந்தவர் தண்ணீர் கேட்டார். மெஷினைப் பற்றி அப்புறம் வாயே திறக்கவில்லை.

பாடசாலை திறக்கும் காலத்தில் பெரிய ஓடர் வந்தாலும் இதே கதைதான். "மழையில படி வழுக்குது மொதலாளி. பாதிய மட்டும் ஒத்துக்கங்க." முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொள்வார். பில் எழுதும் எனக்கு அண்ணன்மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல.

பாதி பாதியாக வாங்கி அலுத்த கடைக்காரர்கள் வேறிடம் போய்விட, கடைசியில் அந்தப் பாதி ஓடரும் வரவில்லை. "இந்த வருசத்தோட மூடிருவோம்" என்றார் முதலாளி. மறுநாள் அண்ணனைக் காணவில்லை. வேறு வேலை தேடிக்கொண்டார் என்று நானே வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

நாலாம் நாள் வந்து நின்றார். "கட்டுகஸ்தோட்டையில ஒரு கட்டடம் வாடகைக்கு இருக்கு மொதலாளி. சமதரை. லொறி வாசல் வரைக்கும் வருது. நானே லொறியில ஏறிப் போய்ப் பார்த்துட்டேன்."

"அங்க படியே இல்லையே அண்ணே, நீங்க என்ன செய்வீங்க?" என்றேன்.

"மத்த பதினோரு பேருக்கும் வேல இருக்கும்ல தம்பி."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

குடிபோன அன்று பெட்டிகளைத் தள்ளுவண்டியில் உருட்டினார்கள். அண்ணன் ஒரேயொரு பெட்டியைத் தலையில் தூக்கி, கட்டடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்து இறக்கினார். நாங்கள் சிரித்தோம். அவர் சும்மாட்டை அவிழ்த்து மடித்தபோதுதான் சிரிப்பு நின்றது.

"இங்கயே இருங்க, ஏதாச்சும் வேல தாறேன்" என்று முதலாளி கையைப் பிடித்தார்.

"சும்மா ஒக்காந்து சம்பளம் வாங்க எனக்கு வராது மொதலாளி" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

இப்போது பெரிய மெஷின் ஓடுகிறது. எண்பது பேர் வேலை செய்கிறோம். லொறி வாசலில் வந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் என் கண் அவரைத்தான் தேடுகிறது.