இருக்கன்குடியில் இரண்டு வெள்ளைப் பூ

அதிகம் பேசாத பொம்பளையை எல்லோரும் விவரமானவள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த நல்ல பெயரை நான் இருக்கன்குடி மாரியம்மன் சன்னதியில், கூட்டத்துக்கு நடுவில் தொலைத்தேன்.

என் தங்கச்சி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் போய்விட்டாள். அடையாளம் காட்டப் போனது நான்தான். (அதற்கு மேல் எழுத வேண்டாம்.) அவள் மகள் முத்துலட்சுமி எங்களிடம் வளர்ந்து இன்ஜினியரிங் முடித்தாள். வேலை கிடைக்கவில்லை. கம்ப்யூட்டருக்கு எழுதுகிற மொழி ஒன்றாவது ஒழுங்காகத் தெரிய வேண்டுமாம். கல்லூரியில் படித்ததெல்லாம் பரீட்சையோடு சரி.

விருதுநகரில் ஒரு வகுப்பில் இடம் கிடைத்தது. ஜாவாவா, பைத்தானா என்று அன்று சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும். இல்லையென்றால் இடம் போய்விடும். திங்கட்கிழமை முதல் என்னோடு பேக்கிங் வேலைக்கு வர வேண்டியதுதான். அவள் அம்மா உட்கார்ந்த அதே ஆலை.

போனில் கேட்டால் கூடப் படித்த ஒருவன் ஜாவா என்பான், அடுத்தவன் பைத்தான் என்பான். பிள்ளை சோறு தின்னவில்லை.

"தப்பா எடுத்துட்டா அம்புட்டுதான் பெரியம்மா."

"அம்மன்கிட்ட பூக்கட்டிக் கேட்டுருவோம் தாயி."

வெள்ளைப் பூ பைத்தான், சிவப்பு ஜாவா. தனித்தனியாகப் பொட்டலம் கட்டி அம்மன் முன்னால் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது வழக்கம். (பைத்தான் என்றால் மலைப்பாம்பாம். அம்மனுக்கே பாம்புதானே குடை பிடிக்கிறது, வெள்ளைதான் வரும் என்று எனக்குள் ஒரு கணக்கு.)

பொட்டலம் கட்டுவதில் என்னை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. கட்டினேன். வரிசையில் நின்ற ஒரு பாப்பா எடுத்தது. வெள்ளை. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். முத்துலட்சுமி படித்தவள் அல்லவா, மற்றதையும் பிரித்துப் பார்த்தாள்.

அதுவும் வெள்ளை.

எங்கள் ஆலையில் ஒரு பெட்டிக்கு ஒரே சரக்குதான். கலந்தால் போர்மேன் வாயில் விழ வேண்டும். அத்தனை வருடம் பழகிய கை, அம்மன் முன்னாலும் கலக்கவில்லை. சிவப்பு அரளி என் மடியிலேயே கிடந்தது.

"என்ன ஆத்தா, அம்மன்கிட்டயே வேலய காட்டுறீகளா?" என்றார் பூசாரி.

"பாத்தா வாயில்லாப் பூச்சி மாதிரி இருக்காக," என்றாள் பின்னால் நின்றவள்.

முத்துலட்சுமி இரண்டு பூவையும் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ரெண்டும் வெள்ளைன்னா, எதப் படிச்சாலும் சரின்னுதான சாமி அர்த்தம்?"

பூசாரி யோசித்தார். "அப்படியும் வச்சுக்கிடலாம்," என்று திருநீறு கொடுத்தார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் போட்டு, பைத்தான் என்று சொல்லிவிட்டாள்.

"ஏன் தாயி, பாம்புதான் பிடிச்சிருக்கா?"

"அதச் சுருக்கா படிச்சிரலாம்னாக. உங்கள அந்த ஆலைல இருந்து நிப்பாட்டணும்ல."

நிறுத்தியும் விட்டாள். இப்போது சென்னையில் வேலை. சமீபத்தில் அவளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வரன் வந்தது. பூக்கட்டிப் பார்ப்போமா என்று என் வீட்டுக்காரர் போனில் கேட்டார்.

"பாருங்க பெரியப்பா. பெரியம்மாவ மட்டும் கட்டச் சொல்லிறாதீக, ரெண்டு மாப்பிள்ளையும் வந்து நிப்பாக."

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து தங்கச்சி படத்துக்குப் பூ வைக்கப் போனேன். வைத்து முடித்துப் பார்த்தால், எல்லாம் ஒரே நிறம்.