மெத்தைக்கு அடியில் ஒரு ஸ்பிரிங்

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதுவது. நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் சுகமா என்பது இன்னும் முடிவாகவில்லை. நான், அம்மா, அப்பா மூவரும் அடுப்படிச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறோம். ஷிஃப்ட் முடியும்வரை உங்கள் போனைக் கம்பெனி கேட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், கூப்பிட்டுப் பயனில்லை. வணக்கம் சொல்லாமல் செய்தி அனுப்பினால் கோபித்துக்கொள்வீர்கள். அதனால் கடிதமாகவே தட்டுகிறேன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் டாக்ஸி ஓட்டிவிட்டு வந்த அப்பாவிடம் தம்பி, "சாவி குடுப்பா, வண்டிய இறக்கணும்" என்றான். டிக்கியில் கிடக்கும் சாமானை இறக்கப்போகிறான் என்று நினைத்து அவரும், "பார்த்து இறக்குடா, இடுப்பு புடிச்சுக்கப் போகுது" என்று சாவியைக் கொடுத்துவிட்டுத் தூங்கிவிட்டார். அவன் இறக்கப்போனது காரையே! பழைய ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் குட்டை ஸ்பிரிங் போட்டால் வண்டி தரையோடு தரையாகப் பதுங்கி நிற்குமாம், அதுதான் கெத்தாம். வீடியோவில் ஒருவன் விசிலடித்துக்கொண்டே செய்கிறான். அவன் கார் நிறுத்தும் இடம் நம் வீட்டைவிடப் பெரியது, அவன் தெருவில் ரோடு இருக்கிறது. நம் தெருவில் இருப்பது பள்ளம், நடுநடுவே கொஞ்சம் தார். நம்மையெல்லாம் இறக்கி வைத்திருப்பது போதாதா, வண்டியையும் நாமே இறக்க வேண்டுமா என்று கேட்டேன். "உனக்கு டேஸ்ட் இல்லக்கா" என்று ஜாக்கியைச் சுழற்ற ஆரம்பித்தான்.

சக்கரம் வந்தது, ஸ்பிரிங்கைத் தாங்கும் தண்டும் வந்தது. இரண்டு பக்கமும் கிளாம்ப் மாட்டி, முழ நீள ஸ்பிரிங்கைச் சாண் அளவுக்கு நெருக்கி, மேல் நட்டைத் திறந்து வெளியே எடுத்தும்விட்டான். அதற்கப்புறம்தான் மாமா அவன் முகம் வெளுத்தது. கிளாம்பைத் தளர்த்தப் போனால் ஒரு போல்ட்டின் மரை தேய்ந்து சிக்கிக்கொண்டது, இன்னொன்று கடகடவென்று ஆடுகிறது.

"அக்கா, இது தெறிச்சா கூரையப் பிச்சுக்கிட்டுப் போகும்."

"மேல ஹவுஸ் ஓனர் இருக்காருடா!"

"அவரையும் சேத்துத்தான்."

தண்ணீர் மோட்டாரை நிறுத்துகிறவர் அவர்தான் என்பதால் ஒரு நொடி எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. அப்புறம் பயம் வந்தது, போகவே இல்லை. வாசலில் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் விளையாடுகிறார்கள். அதனால் ஸ்பிரிங்கைச் சாக்கில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் ஹாலுக்குள் கொண்டுவந்து, கடையில் அதேபோல் சாக்கு சுற்றிக் கொடுத்த புது ஸ்பிரிங் பக்கத்தில் வைத்தான். அம்மா ஓடிப்போய், தூங்கிக்கொண்டிருந்த அப்பாவை உருட்டிவிட்டு மெத்தையை உருவி அதன்மேல் போட்டாள், மெத்தைமேல் துணிப்பெட்டியை வைத்தாள்.

"என் மெத்தை எங்கடி?"

"அதுல படுத்தா நேரா மேல போயிடுவீங்க. பேசாம இங்க வாங்க!"

அப்போதிலிருந்து அடுப்படிதான். ஃபேனை நிறுத்திவிட்டோம். குக்கர் விசிலுக்குப் பயந்து அடுப்பும் பற்றவைக்கவில்லை. அப்பாவுக்கு ஒரு தும்மலை அடக்கி அடக்கிக் கண்ணெல்லாம் நீர். விடிந்தால் சவாரி இருக்கிறது, வண்டியோ ஒரு சக்கரம் இல்லாமல் செங்கல்மேல் நிற்கிறது என்று அவர் புலம்ப, "முதல்ல நாம விடியறதப் பார்ப்போம்" என்கிறாள் அம்மா.

தம்பி, "இது மாமாவாலதான் ஆகும். புது ஸ்பிரிங்க எடுத்துட்டுப் போய்க் காட்டிட்டு, கையோட கூட்டிட்டு வரேன்" என்று சொல்லி, மெத்தைக்கு வெளியே இருந்த மூட்டையைத் தோள்பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். நீங்கள் வெளியே வரும் நேரத்துக்குக் கேட்டில் நிற்பான். திட்டுவதை வழியில் திட்டிக்கொள்ளுங்கள். அந்தக் கிளாம்பைக் கழற்றும் வழியோடு தயவுசெய்து வாருங்கள். எங்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அத்தைக்கு என் வணக்கம். தன் தம்பி நீங்கள் நூறு வயது இருக்க வேண்டும் என்று உங்கள் அக்கா ஆசீர்வதிக்கிறாள். சத்தமாகச் சொல்லப் பயந்து என் காதில் சொன்னாள்.

இப்படிக்கு,
இந்த நிமிடம்வரை உயிரோடு இருக்கும்
உங்கள் மருமகள்

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். தூக்கம் தாங்காமல் அப்பா போய் மெத்தையை இழுத்துவிட்டார். சாக்கு பிரிந்து உருண்டு வந்தது புது ஸ்பிரிங். மஞ்சள் பெயின்ட் பளபளக்கிறது, கிளாம்பே இல்லை. பிறக்கும்போதே குட்டை அது. இவ்வளவு நேரம் இதற்கா பயந்தோம்? கிளாம்ப் மாட்டிய பழையது பஸ்ஸில் தம்பி மடியில் இருக்கிறது, அவன் போனை எடுக்கவில்லை. உங்கள் கேட் செக்யூரிட்டி, அதிகாரிகளின் காருக்குச் சல்யூட் அடித்துவிட்டு நம்மைப்போன்றவர்கள் பையை மட்டும்தானே உதறிப் பார்ப்பார்? அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் மாமா. இன்றைக்கு ஒரு நாள் நம் பிள்ளையையும் அதிகாரி வீட்டுப் பிள்ளையாக நினைத்து, பையைத் திறக்காமல் விடச் சொல்லுங்கள்.