யாக்கோபுவின் விபத்துப் பாடம்

பதினொரு வருடமாக யாக்கோபு ஒரு கோப்பைகூட உடைத்ததில்லை. இத்தாலியில், பலெர்மோ நகரத்தில் ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் அவருக்குத் துப்புரவு வேலை. அந்த வீட்டில் கண்ணாடிக் குதிரை, கண்ணாடி அன்னம், கண்ணாடியில் ஒரு பாப்பரசர்கூட உண்டு. ஒவ்வொன்றாகத் தூக்கித் துடைத்து, மூச்சை அடக்கி, எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். மனுசன் தும்மலைக்கூட பஸ் தரிப்பிடம் வரை காவிக்கொண்டு வந்துதான் தும்முவார்.

அப்படிப்பட்டவருக்கு நவம்பர் தொடக்கத்தில் மகள் அனிற்றா லாப்டொப்பில் ஒரு கேம் இறக்கிக் கொடுத்தாள். விலை தொண்ணூற்றொன்பது சதம். கிறிஸ்மஸ் மரம் வைத்து நத்தாருக்குச் சோடித்த ஒரு வீடு, கையில் ஒரு பொல்லு. இருக்கிறதையெல்லாம் அடித்து நொறுக்க வேண்டும். இருபது நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். கதை கிடையாது. கடைசியில் யாரிடமும் மன்னிப்பும் கேட்கத் தேவையில்லை.

வாசலடியில் ஒரு கதிரை இருந்தது. யாக்கோபு முதல் அடியை அதற்குத்தான் போட்டார். பிறகு அலுமாரி, பளிங்குக் கோப்பைகள், மின்குமிழ்கள். கிறிஸ்மஸ் மரத்து உச்சியில் சிறகு விரித்து நின்ற கண்ணாடிச் சம்மனசு மட்டும் பொல்லுக்கு எட்டவில்லை. ஆட்டம் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வீதத்தில் நின்றது. மனுசனுக்கு அன்றைக்கே விசர் பிடித்துவிட்டது.

ஒவ்வொரு பின்னேரமும் ஒரு மணித்தியாலம் வேண்டும். ஆனால் மனைவி ஸ்ரெல்லா விடுவாளா? டிசம்பர் எட்டு, மாதா திருநாள். அதற்கு முன் வீட்டில் இயேசு பாலனுக்குக் குடில் எழும்ப வேண்டும். மலை கட்டுவதும் பாசி ஒட்டுவதும் வருடா வருடம் யாக்கோபு. ஆகவே, அவள் மறுக்கவே முடியாத பொய்யாகப் பார்த்துத் தெரிந்தெடுத்தார். ஸ்ரெல்லா நகரத்தின் சீசா என்கிற பகுதியில் ஒரு கிழவியைப் பராமரிக்கப் போய்வருபவள். வராத பஸ்ஸுக்கு நின்று நின்றே கால் வீங்கினவள்.

"இஞ்சேரும், நான் கார் லைசன்ஸ் எடுக்கப் போறன்."

"ஆர், நீங்களோ?"

"ஓம். உம்மை இனி பஸ்ஸுக்கு நிக்க விடமாட்டன். பின்னேரத்தில ஒரு மணித்தியாலம் அறையைச் சாத்திப்போட்டுப் படிக்கவேணும்."

ஸ்ரெல்லா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "படியுங்கோ" என்றாள். குடிலைப் பற்றி மூச்சே விடவில்லை.

யாக்கோபு பக்கத்து வீட்டு ஏர்னஸ்றிடம் சாரதிச் சோதனைப் புத்தகத்தை இரவல் வாங்கி, லாப்டொப்புக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்க வைத்தார். ஆண்கள் பொய் சொன்னால் அதற்கு முதலில் தளபாடம் தேடுவார்கள்.

மூன்றாம் நாள் ஸ்ரெல்லா தேத்தண்ணியும் சுடச்சுட வடையுமாகக் கதவைத் தட்டினாள். யாக்கோபு லாப்டொப்பை அறைந்து மூடினார்.

"என்ன, கண்ணாடி உடையிற சத்தம் கேக்குது?"

"அது... விபத்துப் பாடம்."

"நேற்றும் அதுதானே கேட்டுது."

"இஞ்சை விபத்து அதிகம். அதால பாடமும் பெரிசு."

"ஆரோ பொல்லால அடிக்கிற மாதிரியும் கேட்டுது."

"அது விபத்துக்குப் பிறகு ரெண்டு சாரதியும் கதைக்கிறது."

பலெர்மோ வீதிகளைத் தெரிந்தவள் என்பதால் அதை அவள் நம்பியிருக்கவும் கூடும். அடுத்த நாள் காதில் மாட்டுகிற பெரிய ஹெட்போன் ஒன்றை வாங்கி வந்து நீட்டினாள்.

"இதைப் போட்டுக்கொண்டு படியுங்கோ. எனக்குத் தலையிடி."

வடையையும் ஹெட்போனையும் நினைக்க யாக்கோபுவுக்கு நெஞ்சு கொஞ்சம் குத்தத்தான் செய்தது. குத்தல் ஆறும் வரை ஒரு பியானோவை உடைத்தார்.

இப்படி ஐந்து வாரம். ஒவ்வொரு நாளும் கதிரையில் தொடங்குவார், தொண்ணூற்றொன்பதில் நிற்பார், சம்மனசைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார். சோதனை எப்போது என்று ஸ்ரெல்லா கேட்டால் சொல்ல ஒரு திகதியையும் யோசித்து வைத்தார். அவளோ ஒரு நாளும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

டிசம்பர் ஏழாம் திகதி பின்னேரம் அறையை விட்டு வெளியே வந்தார். குடில் எழும்பவில்லை. சூசையப்பர், இடையர், ஆடு மாடென்று குடில் பொம்மைகளெல்லாம் பழைய பேப்பரில் சுற்றினபடி மேசையில் கிடந்தன. ஸ்ரெல்லா அப்போதுதான் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கைப்பையிலிருந்து ஏர்னஸ்றின் புத்தகத்தை எடுத்து வைத்தாள். ஓரமெல்லாம் மடிந்து, பக்கமெல்லாம் பென்சில் கோடு. புத்தகம் தன் மேசையை விட்டுப் போய் ஒரு மாதமாகிறது என்பது யாக்கோபுவுக்கு அப்போதுதான் உறைத்தது. அதன் மேல் அவள் றோசா நிறக் கடதாசி ஒன்றை வைத்தாள். எழுத்துச் சோதனையில் தேறினவர்களுக்குக் காரோட்டிப் பழகக் கொடுக்கிற கடதாசி. பெயர், ஸ்ரெல்லாவினது.

"இது... எப்ப?"

"நீங்கள் ஹெட்போனைப் போட்ட நாளிலயிருந்து. பின்னேரப் பின்னேரம் சாரதிப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தனான். முப்பது கேள்வி, ரெண்டு பிழை."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் விபத்துப் பாடத்தில நிண்டீங்கள். குழப்பக்கூடாதெண்டு விட்டனான்."

யாக்கோபு கதிரையில் குந்தினார். வெட்கம் ஒரு பக்கம். இனி அவள் பஸ்ஸுக்கு நிற்கமாட்டாள் என்ற சந்தோசம் மறுபக்கம். அந்தக் கடதாசியை, சிஞ்ஞோராவின் கண்ணாடி அன்னத்தைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார்.

"கெட்டிக்காரிதான் நீர்" என்றார்.

"அது கிடக்கட்டும். இருபது நிமிசத்தில ஒரு வீட்டை உடைக்கிற ஆளுக்குக் குடில் கட்ட எவ்வளவு நேரம் செல்லும்? விடிஞ்சா திருநாள்."

"கட்டுறன். ஒரேயொருக்கா மட்டும் அந்தச் சம்மனசை..."

"அது முடிஞ்சுது. இண்டைக்குக் காலமை நான் உடைச்சிட்டன். நூறு வீதம்."

யாக்கோபு வாயைப் பிளந்தார். "எப்பிடி எட்டினது?"

ஸ்ரெல்லா மேசையிலிருந்த ஆட்டுக்குட்டியைச் சுற்றியிருந்த பேப்பரை விரித்தபடி சொன்னாள்: "கதிரையை உடைக்காமல், அதில ஏறி நிண்டன்."