வெள்ளிக்கிழமைக்கு ஒரு பச்சை டிக்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்த பெரிய சாதனை, மலேசியாவின் ஜொகூர் பாருவில் எங்கள் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், கழிவறைக்கு எதிர் அறையில் நடந்தது. முன்னின்று நடத்தியவன் அடியேன்.

எங்கள் மென்பொருள் தொழிற்சாலைப் பஸ்களை நடத்துகிறது. எந்த நாளில் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று அது சொல்லும்; டிரைவர் போவார். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் உள்ளே இருந்த நிரல், அதாவது கோடிங், பார்க்கச் சகிக்காது. ஒருவர் வரியை உள்தள்ளி எழுதியிருப்பார், இன்னொருவர் தள்ளாமல். கமா இஷ்டப்பட்ட இடத்தில் கிடக்கும். எல்லாவற்றையும் தானாக நேராக்கி, விதி மீறினால் சிவப்பும் மீறாவிட்டால் பச்சை டிக்கும் காட்டும் 'லின்டர்' என்ற கருவியைக் கொண்டுவந்தோம். முதலாளி விஜயேந்திரன் என்னை 'நிரல் ஒழுங்குக் குழு'வின் தலைவர் ஆக்கினார். உறுப்பினர் அவர்.

உள்தள்ள இரண்டு இடைவெளியா, நான்கா? தீபாவளி முறுக்கோடு தொடங்கிய கூட்டம் கிறிஸ்துமஸ் கேக் வரை போனது.

"மூணு வச்சா ரெண்டு பக்கத்துக்கும் நியாயம்" என்றார் முதலாளி. அந்த ஞானத்தை நினைத்தால் இன்றும் புல்லரிக்கிறது.

நடுவில் லோஷினி கதவைத் தட்டினாள். எங்கள் புரோகிராமர், பக்கத்து ஊரான கோத்தா திங்கிப் பெண்.

"அண்ணே, ஜனவரியிலிருந்து ஜொகூர்ல வெள்ளி, சனி லீவு போய் சனி, ஞாயிறு ஆகுது. பேக்டரியும் மாத்துறாங்க. நம்ம கோடிங்ல வெள்ளி லீவுன்னே இருக்கு. ஒரே வரிதான், மாத்திடவா?"

"லின்டர் ஓடி முடியிற வரைக்கும் யாரும் எதையும் தொடக்கூடாதும்மா. சிக்கிக்கும்."

"மொத வெள்ளிக்கிழமைதான் எங்கம்மாவுக்கு சூப்பர்வைசர் இன்டர்வியூ அண்ணே. நான் ஸ்கூல் போன காலத்திலேருந்து அந்த பேக்டரிதான். பஸ் வரலன்னா போச்சு லா."

உருகிப்போனேன். அவள் கோரிக்கையை உடனே 'கவனத்தில்' எடுத்துக்கொண்டேன்.

ஆண்டின் கடைசி நாள் லின்டர் ஓடியது. வெள்ளி, சனி என்று ஒரே வரியில் இடித்துக்கொண்டு கிடந்ததை ஆளுக்கொரு வரியில் உட்காரவைத்து, பின்னால் கமாவும் வைத்தது. திரை முழுக்கப் பச்சை. நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு வாங்கிக் கொண்டாடினோம்.

"அண்ணே, வெள்ளி இன்னும் லீவாத்தான் இருக்கு" என்றாள் லோஷினி.

"லின்டர் ஏதாச்சும் சொன்னுச்சா?"

"ஜொகூர்ல என்னைக்கு லீவுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்கே தெரியாதது உனக்கு எப்படிம்மா தெரியும்?"

அன்றே அவள் வரியை மாற்றி அனுப்பினாள். காரணம் சொல்லி ஒரு குறிப்பும் சேர்த்திருந்தாள். குறிப்பு நீளம், லின்டர் சிவப்புக் காட்டியது. சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே, திருப்பி அனுப்பினேன். சுருக்கி மறுபடி அனுப்பினாள். அதற்குள் நான் புத்தாண்டு லீவில் சிங்கப்பூர் போய்விட்டேன். தலைவர் ஒப்புதல் இல்லாமல் எதுவும் உள்ளே போகாது; நானே இயற்றிய விதி.

போன் செய்தாள். "பாத்துக்கிறேன்மா, கவலப்படாதே" என்றேன். அவள் நம்பினாள். நான் மறந்தேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை கோத்தா திங்கியில் மழை. லோஷினியின் அம்மா புஷ்பவள்ளி, இன்டர்வியூவுக்கென்றே எடுத்த புதுச் சுடிதாரில், குடையோடு ரோட்டோரம் நின்றார். பஸ் வரவில்லை. யாரையோ கெஞ்சி, கார் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது வேறொருவர் சூப்பர்வைசர் ஆகியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பஸ் நேரத்துக்கு வந்தது. ஏறத்தான் ஆளில்லை.

திங்கட்கிழமை லோஷினியிடம் பச்சைத் திரையைக் காட்டினேன். அவளுக்கும் ஆறுதலாக இருக்கட்டுமே என்றுதான்.

"நல்லா இருக்கு அண்ணே. அம்மா ஒன்னு கேக்கச் சொன்னாங்க."

"கேளும்மா."

"ஒவ்வொரு கமாவுக்கும் எடம் பாத்து வச்சீங்களாம். பஸ்ல அவங்களுக்கு ஒரு எடம் வைக்க ஏன் மனசு வரலன்னு கேட்டாங்க."

கேட்டுவிட்டுப் போய்விட்டாள். லின்டரை மறுபடி ஓட்டினேன். நிரலில் தப்பே இல்லை என்று பச்சை காட்டியது. அறையில் மிச்சமிருந்தது நான் மட்டும்தான்.